தாளக் கணக்கும் கட்டற்ற கணினியும்

காலத்தை அளந்து அதனுள் ஓசையை ஒழுங்குபெற நிறுத்துங் கலையே தாளமாகும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை என்று எழுத்தையே காலத்தால் அளந்த தொல்காப்பியனார் வழிவந்த எமக்கு இக்கலை புதிதன்று. கண்ணிமைக்கும் பொழுதையும் கை நொடிக்கும் பொழுதையும் அளவுகோலாகக் கொண்டது நம் இலக்கணம். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையோ, ஆடலாசிரியன், இசையாசிரியன் ஆகியோரது தகுதிகளோடு தண்ணுமையாசிரியனது தகுதியையும் தனியே வகுத்துரைக்கின்றது. ஆதலின், தாளக் கணக்கைக் கணினியில் அமைக்கும் முறைபற்றித் தமிழாசிரியன் ஒருவன் எழுதப் புகுதல் வழுவாகாது என்று துணிகின்றேன்.

நான் சொல்ல விரும்புவது இதுவே. எம்முடைய கல்லூரிகளின் கணினிக் கூடங்களில் கட்டற்ற இயங்குதளமும் கட்டற்ற இசை மென்பொருள்களும் இடம்பெறுதல் வேண்டும். அவற்றைக் கொண்டு மாணவர் இலயக் கணக்கைக் கற்றல் வேண்டும். அவ்வழியால் மிஞ்சும் பொருள் எம் மண்ணின் தவிற்கலைஞரைச் சென்றடைதல் வேண்டும். இம்மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நல்லைக் கந்தனுக்கு ஆண்டுதோறும் 25 நாள் திருவிழா நிகழ்கின்றது. அந்நாள்களிற் பெரிய மேளத்தைச் செவிமடுத்தோர், தவில்கள் இரண்டு எதிரெதிர் நின்று பேசும் மேளச்சமாவை மறத்தல் அரிது. கைத்தாளம் அசையாது நிற்கும். ஒரு தவில் நான்கு நான்காக நடக்கும். மற்றையது மும்மூன்றாகவோ ஐயைந்தாகவோ புறப்பட்டு, வழிதவறிவிட்டதோ என்று கேட்போர் ஐயுறும் வேளையில், எடுப்பிலே வந்து சரியாக விழும். கூடியிருந்தோர் தம்மையறியாது தலையசைப்பர். இங்ஙனம் ஒரே காலத்தில் வெவ்வேறு நடைகள் இணைந்து செல்வதை இக்கட்டுரையில் ‘இணைநடை’ எனக் குறிப்பேன்.

இவ்விணைநடை எமக்கே தனியுரிமையன்று. மேற்கு ஆபிரிக்காவிலே கானா நாட்டு ஏவே மக்களின் முழவுக் குழுக்களில் ஒரு மணியோசையைச் சுற்றி இரண்டும் மூன்றுமான நடைகள் பின்னிச் செல்கின்றன. ஆயினும் அதனைக் கணக்காக வகுத்து, வாயாற் சொல்லி, கையால் அளந்து கற்பிக்கும் முறையில் எம் மரபு மிக விரிந்தது. திச்ரம் 3, சதுச்ரம் 4, கண்டம் 5, மிச்ரம் 7, சங்கீர்ணம் 9 என ஐந்து சாதி வகுத்து, ஏழு தாளங்களோடு உறழ்ந்து 35 தாளங்கள் ஆக்கினர் முன்னோர். இரு கைகளிலும் இரு வேறு தாளங்களைப் போட்டுக்கொண்டே பல்லவி பாடும் அவதானமும் உண்டு. அதில் வல்லவராக அண்மைக் காலத்திற் போற்றப்பட்டவர் சென்னையில் வாழ்ந்த சுகுணா புருஷோத்தமன் அம்மையார்.

இனிக் கணக்கினைப் பார்ப்போம். ஆதிதாளத்துக்கு 8 அட்சரம். சதுச்ர நடையில் ஓர் ஆவர்த்தனத்துக்கு 32 மாத்திரை. திச்ர நடையில் 24. கண்ட நடையில் 40. மிச்ர நடையில் 56. சங்கீர்ண நடையில் 72. இணைநடை இருவகையாக நிகழலாம். ஓர் அட்சரத்தின் கால அளவையே ஒருவர் நான்காகவும் மற்றவர் ஐந்தாகவும் பகுத்தல் ஒருவகை. மாத்திரையின் வேகத்தை மாற்றாது, 32 மாத்திரைத் தாளத்தின்மேல் ஏழு மாத்திரைச் சொற்கட்டு ஒன்றை மீண்டும் மீண்டும் அடுக்கிச் செல்லுதல் மற்றொரு வகை. பின்னதில் இரண்டும் மீண்டும் ஒரே எடுப்பிற் சந்திப்பது எப்போது? ஏழுக்கும் 32-க்கும் பொது மடங்குகளுட் சிறியது 224. எனவே ஏழு ஆவர்த்தனம் முடிந்த பின்னரே சந்திக்கும். ஐந்து மாத்திரைச் சொற்கட்டாயின் 160 மாத்திரையில், அஃதாவது ஐந்து ஆவர்த்தனத்திற் சந்திக்கும். கணித வகுப்பிலே மாணவர் உயிரின்றிச் செய்யும் பொ.ம.சி. இங்கே உயிர்பெற்று ஒலிப்பதைக் காண்க.

இதனைச் செவியாற் கேட்டு உணர்தற்குக் கணினி பெரிதும் உதவும். ‘ஐதரசன்’ என நாம் இரசாயனத்திற் பயிலும் வாயுவின் பெயரைத் தாங்கிய கட்டற்ற தாள மென்பொருள் ஒன்று உண்டு. ஹைட்ரஜன் என அதனை அழைப்பர். அதன் திரையில் வரிசை ஒவ்வொன்றும் ஓர் ஓசை. கட்டம் ஒவ்வொன்றும் ஒரு மாத்திரை. கட்டத்தைத் தொட்டால் அங்கே ஓர் அடி விழும். 20 கட்டம் உள்ள வரிசைகள் இரண்டை எடுத்துக்கொள்க. முதல் வரிசையில் 1, 5, 9, 13, 17 ஆகிய கட்டங்களிலும், இரண்டாவதில் 1, 6, 11, 16 ஆகிய கட்டங்களிலும் அடி இடுக. முதலாவதில் ஐந்து அடி, இரண்டாவதில் நான்கு அடி; இரண்டும் முதற் கட்டத்தில் மாத்திரமே ஒருங்கே விழும். இயக்கிக் கேட்டால் நான்கின்மேல் ஐந்து நடக்கும் நடை தெளிவாகச் செவியில் விழும். மூன்றுக்கும் நான்குக்கும் 12 கட்டமும், ஐந்துக்கும் ஏழுக்கும் 35 கட்டமும் போதும். பத்து வயதுப் பிள்ளையும் செய்யத்தக்க வேலை இது.

இன்னும் சற்று வளர்ந்த மாணவருக்குப் ‘பியூர் டேட்டா’ என்னும் மென்பொருள் ஏற்றது. அதிற் பெட்டிகளை வரைந்து கோடுகளால் இணைத்தலே வேலை. குறித்த இடைவெளிக்கு ஒருமுறை தட்டும் பெட்டிகள் இரண்டை வைத்து, ஒன்றுக்கு 300 மில்லிசெக்கனும் மற்றையதற்கு 240 மில்லிசெக்கனும் கொடுத்தால், 1,200 மில்லிசெக்கன் கொண்ட அட்சரத்தில் முன்னது நான்கும் பின்னது ஐந்துமாகத் தட்டும். எண்ணை மாற்றினால் நடை மாறும். மூன்றுக்கு எத்தனை, ஏழுக்கு எத்தனை என்று மாணவன் தானே வகுத்துக் கண்டறிவான். பல தடங்களில் ஒலிப்பதிவு செய்து கோப்பதற்கு ‘ஆர்டர்’ என்னும் மென்பொருள் உண்டு. இவையாவும் லினக்ஸ் இயங்குதளத்தில் இயங்குவன.

இவ்விடத்தில் எம்மவர் அறிந்து பெருமைப்படத்தக்க செய்தி ஒன்று உண்டு. 1980-களின் தொடக்கத்திலே பேர்னார்ட் பெல் என்னும் பிரெஞ்சுக் கணினி அறிஞரும் ஜிம் கிப்பன் என்னும் இசை ஆய்வாளரும் சேர்ந்து, இலக்னோ நகரின் தபலா மரபை ஆராய்தற்பொருட்டு ‘போல் புரொசெசர்’ என்னும் மென்பொருளை ஆக்கினர். ‘போல்’ என்பது வடநாட்டார் வழக்கில் முழவின் சொல். நாம் சொற்கட்டு என்போமே, அதுவே. ஒரு சொல்லமைப்பு எவ்வெவ்வாறு விரியலாம் என்ற விதிகளை இலக்கணமாக எழுதிக் கணினிக்குக் கொடுத்தனர். கணினி புதிய விரிவுகளை ஆக்கிற்று. அவை மரபுக்கு ஒத்தனவா அல்லவா என்று தீர்ப்புக் கூறியவர் அம்மரபின் தலைவரான உஸ்தாத் அஃபாக் ஹுசைன் கான். பொறி சொல்லிற்று, ஆசான் தீர்த்தார். இவ்வரிசை எக்காலத்தும் மாறலாகாது என்பதே என் எண்ணமும்.

அம்மென்பொருளில் நடைகள் பலவற்றை ஒரே கால அளவுள் அடக்கி எழுதும் குறியீட்டு முறை அமைந்தது. பின்னர், நிரல் எழுதியே இசை நிகழ்த்தும் மேனாட்டு இளைஞரிடையே பரவிய ‘டைடல்’ என்னும் கட்டற்ற மென்பொருள் அம்முறையிலிருந்து ஊக்கம் பெற்றது. அடைப்புக் குறிக்குள் தகிட என்பது போன்ற மூன்று சொல்லையும், காற்புள்ளியிட்டுத் தகதிமி என்பது போன்ற நான்கு சொல்லையும் எழுதினால், இரண்டும் ஒரே காலத்துள் ஒருங்கே ஒலிக்கும். ஆக, இந்திய முழவு ஆசான்களின் வாய்ச்சொல் உலகின் இசைக் கணினிகளுக்கு எழுத்திலக்கணம் தந்திருக்கின்றது. அச்செல்வத்தை நாம் மட்டும் கணினியிற் கையாளாதிருப்பது எங்ஙனம் தகும்?

இனிக் ‘கட்டற்ற’ என்னும் அடைமொழியை விளக்குதல் கடன். அஃது இலவசம் என்ற பொருட்டன்று. விரும்பியவாறு இயக்கவும், உள்ளிருக்கும் நிரலைப் படித்துத் திருத்தவும், பிறர்க்குப் படியெடுத்துக் கொடுக்கவும், திருத்திய வடிவைப் பரப்பவும் உரிமை உள்ள மென்பொருளே கட்டற்றது. 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்னும் அமெரிக்கர் இக்கொள்கையில் இயங்குதளம் ஒன்றை ஆக்கும் முயற்சியை அறிவித்தார். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் பின்லாந்து மாணவர் லினக்ஸ் என்னும் கருவை வெளியிட்டார். இரண்டும் சேர்ந்து வளர்ந்ததே இன்றைய கட்டற்ற இயங்குதளம். இக்கொள்கை எமக்கு அந்நியமானதா? ஏட்டுச் சுவடி வாழ்ந்த முறையும் இதுவே அன்றோ! படிக்கக் கொடுத்தனர், படியெடுத்தனர், பிழை கண்டவர் திருத்தினர். பெட்டியிற் பூட்டிவைத்த ஏடுகளைச் செல்லரித்தது; கைமாறிய ஏடுகள் நின்றன.

இதனோடு ஒழுக்கம்பற்றிய பேச்சும் ஒன்று உண்டு. விலைகொடுத்து வாங்கவேண்டிய மென்பொருளின் திருட்டுப் படியைக் கணினியில் ஏற்றிக்கொள்ளுதல் எம் நாட்டிற் பலரும் கூசாது செய்யும் செயலாகிவிட்டது. காலையில் வள்ளுவனாரின் கள்ளாமை அதிகாரத்தை நடத்திவிட்டு, மாலையிற் களவுப் படியில் மாணவனைப் பயிற்றுவோமாயின், அவன் எதனைக் கற்பான்? நாம் சொன்னதையன்று, செய்ததையே கற்பான். கட்டற்ற மென்பொருளைப் படியெடுத்தல் களவன்று. அப்படியெடுப்பை ஆக்கியவரே வேண்டி நிற்கின்றார். மாணவன் கல்லூரியிற் பயின்றதையே வீட்டிலுள்ள பழைய கணினியிலும் ஏற்றி, அச்சமின்றிப் பயிலலாம். பொருள் உள்ளவன், இல்லாதவன் என்ற வேறுபாடு அங்கே இல்லை.

‘இலவசமாகக் கிடைப்பது தரத்திற் குறைந்ததன்றோ?’ என்பர் சிலர். முழவுக்கு முதன்மையான சோதனை தாமதம். கை தட்டியதற்கும் கணினியில் ஓசை எழுவதற்கும் இடையே கழியும் காலம் அது. ஒலியைச் செக்கனுக்கு 48,000 துணுக்காகப் பகுத்து ஏற்கும் கணினி, 1,024 துணுக்குச் சேரும்வரை காத்திருக்குமாயின் தாமதம் ஏறத்தாழ 21 மில்லிசெக்கன். 256 துணுக்காயின் ஏறத்தாழ 5. செக்கனுக்கு 12 சொல் விழும் வேகத்தில் இரு சொல்லுக்கிடையே 83 மில்லிசெக்கனே உண்டு. அதிற் கால்வாசி தாமதமானாற் கலைஞன் தடுமாறுவான். இத்தாமதத்தைக் குறைத்தற்கென லினக்ஸ் ஆக்குவோர் பல்லாண்டு உழைத்த உடனிகழ் இயக்கமுறை 2024-இல் அதன் மூலக் கருவிலேயே சேர்க்கப்பட்டது. இசைத்தொழிலுக்கென்றே ஒழுங்குசெய்யப்பட்ட உபுண்டு ஸ்டூடியோ போன்ற வடிவங்களும் உள. தரக்குறைவு என்ற குறை இங்கே நில்லாது.

வலிமையான மறுப்பு வேறொன்று உண்டு. பொறி வந்தாற் கலைஞன் போவான் என்பதே அது. இம்மறுப்பை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். பொறியின் அடி ஒவ்வொன்றும் ஒரே எடையுடன், ஒரே இடத்தில் விழும். தவிற்கலைஞனின் அடியோ அவ்வாறன்று. பலாமரத்திற் கடைந்த கட்டையின் ஒருபுறத்தைப் பூவரசங்கழி அதிர்விக்க, மறுபுறத்தைக் கூடு அணிந்த விரல்கள் பேசுவிக்க, ஒரு சொல் அழுந்தும். ஒரு சொல் மிதக்கும். ஒரு சொல் வருவதுபோற் போக்குக்காட்டி மயிரிழை பிந்தி வரும். நாகசுரத்தின் மூச்சறிந்து, சுவாமி புறப்படும் வேளையறிந்து, கூட்டத்தின் முகமறிந்து வாசிக்கும் அவ்வுள்ளம் பொறிக்கு ஏது? யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி (1933–1975) வாசித்த தவிலைக் கணக்கு மட்டும் அறிந்த எவரும் வாசித்துவிட முடியாது. தமிழ்நாடும் வியந்து போற்றிய அம்மேதையைப்பற்றி அம்சன் குமார் ஆக்கிய ஆவணப்படம் இந்தியத் தேசிய விருதும் பெற்றது.

ஆனால், கணக்கறியாதோர் அவர் வாசிப்பின் அருமையை முழுதும் அறிதலும் இயலாது. இங்கேதான் பொறியின் பயன் இருக்கின்றது. பொறி கலைஞனுக்கு மாற்றன்று, கேட்போனுக்குக் கற்பலகை. பிள்ளை சிலேட்டில் எழுதிப் பழகியதனாற் கம்பன் பிழைப்பிழந்தானல்லன். கம்பனைப் படிப்போர் பெருகினர். இருபது கட்டத்தில் நான்கும் ஐந்தும் சந்திப்பதைத் தானே அமைத்துக் கேட்ட மாணவன், அடுத்த திருவிழாவிற் கடலைச் சரையோடு அலையாமல், மேளத்தின் அருகே நின்று விரலெண்ணுவான். அத்தகையோர் நூறுபேர் நிற்கும் வீதியில் வாசிப்பதே கலைஞனுக்கு உவப்பு.

மனம் உவவாத உண்மையொன்றையும் விழா மலர் என்பதற்காக மறைத்தல் தகாது. தவிலை நாம் விரும்பிக் கேட்டோம். தவிற்காரரைச் சமமாக இருத்திக் கேட்டோமா? இணுவிலும் அளவெட்டியும் போன்ற ஊர்களில் இக்கலையை வளர்த்த குடும்பங்களிடமிருந்து ஓசையை ஏற்றோம். சாதி வேற்றுமையாற் கலைஞரைத் தள்ளியே நிறுத்தினோம். மிருதங்கம் பள்ளிக்கூடப் பாடமாக ஏறிய அளவிற்குத் தவில் ஏறவில்லை. மங்கல வாத்தியம் என்று வாயாற் புகழ்ந்தோம். மைந்தரைக் கற்க விட்டோமல்லோம். கல்லூரி ஒன்று தன் சைவப் பாரம்பரியத்தைப் பேசும்போது இக்கணக்கையும் தீர்த்துவைத்தல் வேண்டும்.

அதற்கு வழி இம்மென்பொருளிலேயே உண்டு. ஹைட்ரஜன் போன்ற தாள மென்பொருள்களுடன் வரும் ஓசைகள் பெரும்பாலும் மேனாட்டு முரசுகளின் ஓசைகள். அவற்றின் இடத்திற் பிற வாத்தியங்களின் ஓசைகளைப் பதிந்து ஏற்ற இயலும். எனவே, கலைஞர் ஒருவரைக் கல்லூரிக்கு முறைப்படி அழைத்து, உரிய மதிப்புடன் இருத்தி, வலந்தலை, தொப்பி இரண்டின் சொற்களையும் ஒவ்வொன்றாகப் பதிந்து, யாழ்ப்பாணத்துத் தவில் ஓசைத் தொகுதி ஒன்றை ஆக்கலாம். அவர் இசைவு பெற்றே பதிதல் வேண்டும். அவர் பெயர் அதில் நிற்றல் வேண்டும். தக்க சன்மானம் அவர் கையிற் சேர்தல் வேண்டும். உலகுக்குக் கட்டின்றிக் கொடுப்பதா என்பதை அவரே தீர்மானித்தல் வேண்டும். கட்டற்ற கொள்கை என்பது உழைத்தவனை மறந்து அள்ளிக்கொள்ளும் கொள்கையன்று.

அச்சன்மானத்துக்குப் பணம் எங்கே என்று வினவுவீர்களாயின், மென்பொருட் கட்டணத்துக்கென ஒதுக்கவேண்டிய பணமே அது என்பேன். கடல் கடந்து வாழும் பழைய மாணவர் எம் பாடசாலைகளுக்குக் கணினிகள் அன்பளிப்புச் செய்து வருகின்றனர், அவ்வன்பு போற்றத்தக்கது. இனி அனுப்பும்போது, ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டிய உரிமக் கட்டணத்தைத் தவிர்த்து, அத்தொகையைக் கலைஞர் வருகைக்கும் நல்ல ஒலிவாங்கி ஒன்றுக்கும் உதவுவார்களாக. கல்லூரி தன் பங்குக்கு வாரத்தில் ஒரு பாடவேளையை ஒதுக்கி, மிருதங்க ஆசிரியரும் கணித ஆசிரியரும் கணினி ஆசிரியரும் ஒருங்கே இருந்து கற்பிக்க வழிசெய்க. தமிழாசிரியருக்கும் அங்கே வேலை உண்டு. கட்டற்ற மென்பொருளின் திரைச்சொற்களை எவரும் மொழிபெயர்க்கலாம். லிப்ரே ஆபிஸ் போன்றவை ஏற்கெனவே தமிழ் பேசுகின்றன. தமிழ்நாட்டில் 2012-இல் தோன்றிய கணியம் இதழ் இத்துறைச் செய்திகளைத் தமிழில் எழுதி வழிகாட்டியது. இசை மென்பொருளுக்கு நடை, எடுப்பு, ஆவர்த்தனம், தீர்மானம் எனும் ஆயத்தமான சொற்கள் எம்மிடம் இருக்கின்றன. எடுத்துக் கொடுத்தலே குறை.

மரபைக் காத்தற்குப் புதிய கருவியைக் கைக்கொள்ளுதல் இம்மண்ணின் இயல்பே. நல்லூரிற் பிறந்த ஆறுமுக நாவலர் (1822–1879) அச்சுப்பொறியை மேனாட்டார் பொருளென்று ஒதுக்கினாரல்லர். வண்ணார்பண்ணையிலே யந்திரசாலை நிறுவிச் சைவத்தையும் தமிழையும் அச்சேற்றினார். விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கே கற்ற விபுலாநந்த அடிகள், பண்டை யாழின் நரம்புகளைக் கணிதத்தால் அளந்து 1947-இல் யாழ் நூலை அரங்கேற்றினார். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டதை அறிந்த தலைமுறையினர், 2005-இல் நூலகம் என்னும் இணைய நூலகத்தைத் தொடங்கி ஈழத்து எழுத்துகளைத் திரட்டினர். அதுவும் கட்டற்ற மென்பொருளின்மேல் எழுந்த மாளிகையே. எழுத்துக்குச் செய்ததை ஓசைக்கும் செய்வோமாக. ஏடு அழிந்தால் எங்கேனும் ஒரு படி கிடைத்தல் கூடும். கலைஞன் கையோடு போன சொற்கட்டுக்குப் படியேது?

மாணவ மணிகளே! கல்லூரிக் கணினியில் இருபது கட்டம் வரைந்து தொடங்குங்கள். நான்கையும் ஐந்தையும் சந்திக்க வையுங்கள். பின்னர் எழுந்துபோய், அக்கணக்கைக் கையால் வாசிப்பவர் முன் பணிந்து நின்று கேளுங்கள். பழைய மாணவப் பெருமக்களே! அக்கைகளுக்கு நீங்கள் செய்யும் சிறப்பே இவ்விழாவுக்குச் சிறப்பாகுக. கல்லூரி வாழ்க! கலை ஓங்குக!